கூலி எப்போது ஆளானது?

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் நடந்தால் சில வீட்டு வாசல்களில் இரண்டு மொழியில் எழுதிய பலகையைப் பார்க்கலாம். தமிழ் வரியில் 'வாடகைக்கு' என்றிருக்கும். அதற்கு மேலே சிங்கள வரியில் 'குலியட' என்றிருக்கும். வாடகை என்பது 'பாடக' என்ற வடசொல்லின் வழியாக நம்மிடம் வந்தது. 'குலிய' என்பதோ நம்முடைய கூலிதான். தமிழ் வரியில் வடசொல்லும் சிங்கள வரியில் தமிழ்ச்சொல்லும் நிற்கின்றன. எழுதிய ஓவியருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிங்களத்தில் வீட்டு வாடகையும் குலிதான்; வாடகைக் கார் 'குலி ரத'. அங்கே போய் வீட்டைக் 'கூலிக்கு' எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் யாருக்கும் உறுத்தாது. உறுத்தவும் கூடாது. நம் பக்கத்திலும் பழைய பத்திரங்களில் வீட்டு வாடகைக்குக் குடிக்கூலி என்று பெயர்.

இந்தச் சின்னப் பொருத்தத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தின் பல மொழிகளுக்குள் புகுந்த இந்தச் சொல், தமிழுக்கு வெளியே தன் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு. சிங்களம் அவற்றில் ஒன்று. மற்ற இடங்களில் நடந்தது வேறு.

தமிழில் கூலி என்பது கொடுக்கப்படுவது. உழைத்தவருக்குச் சேர வேண்டிய நெல்லோ காசோ. தெய்வத்தால் முடியாது போனாலும் உடல் வருந்திய அளவுக்கு முயற்சி பலன் தரும் என்று சொல்ல வந்த வள்ளுவர், 619ஆம் குறளில் அந்தப் பலனுக்குக் கூலி என்றே பெயர் வைக்கிறார். தாழ்வான சொல்லாக அவருக்கு அது தோன்றவில்லை. மதுரையில் ஆவணி மாதம் நடக்கும் பிட்டுத் திருவிழாவில் இன்னும் ஒரு படி மேலே போகிறோம். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவிடுகிறான். ஆள் இல்லாத கிழவி வந்திக்காகச் சிவனே கூடையும் மண்வெட்டியுமாக வந்து நிற்கிறார். பேசிய கூலி, உதிர்ந்த பிட்டு. கடவுள் கூலிக்கு வந்தார் என்று சொல்ல நமக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்தக் கதையில் கூலி என்பது பிட்டு. சிவன் கூலியாள்.

இந்த 'ஆள்' என்ற ஒட்டுதான் என் கட்டுரையின் விஷயம். தமிழில் மனிதரைக் குறிக்க வேண்டுமானால் கூலியோடு எதையாவது சேர்த்தாக வேண்டும்: கூலியாள், கூலிக்காரர், கூலித் தொழிலாளி, பத்திரிகைக் குற்றச் செய்திகளின் கூலிப்படை. ஒட்டில்லாமல் தனியே நின்றால் அது பணம். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அரவைக்கூலி, தையற்கூலி. நகைக்கடை பில்லில் சேதாரத்துக்குப் பக்கத்தில் செய்கூலி. அந்த வரியைப் பார்த்து எந்தப் பொற்கொல்லரும் தன்னை இழித்ததாக நினைப்பதில்லை. அதற்காகத் தமிழில் இந்தச் சொல் முழுக்கச் சமத்துவமாக இருந்தது என்று சாதிக்க முடியாது. மாதம் பிறந்தால் வருவது சம்பளம், பொழுது சாய்ந்தால் வருவது கூலி. வக்கீலுக்கு ஃபீஸ், குருக்களுக்குத் தட்சிணை. வேலைக்கு ஒரு படிநிலை வைத்த சமூகம் ஊதியத்துக்கும் ஒரு படிநிலை வைக்கத்தான் செய்யும். மனம் ஒட்டாமல் வேலை பார்ப்பவரைக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். ஆனாலும் சொல் பணத்தின் மேல்தான் இருந்தது, மனிதன் மேல் ஏறவில்லை.

அது எப்படி ஏறியது என்பதில் அறிஞர்களிடையே பழைய தகராறு ஒன்று உண்டு. ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற பேரகராதி 1886இல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்மொழிகள் தெரிந்தவர். அச்சுக்கு வருமுன் 1882இல் இறந்துவிட்டார். ஆங்கிலத்தின் 'கூலி'க்கு வேர் மேற்குக் கரையின் கோலி என்ற சமூகப் பெயரில்தான் இருக்கக்கூடும் என்பது அந்த அகராதியின் சாய்வு. குஜராத், கொங்கணக் கரைகளில் மீன்பிடித்தும் சுமை தூக்கியும் வாழ்ந்த மக்கள் அவர்கள். வசாய்ப் பகுதியில் மீன்பிடிக்கும் கோலிகளிடம் வாங்கிய வரியைப் பற்றி 1548ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசியக் கணக்கேடு பேசுகிறது. தமிழ்க் கூலி அதன்மேல் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

மூன்றாவது உரிமையாளர் துருக்கி மொழி. அதில் 'குல்' என்றால் அடிமை, ஊழியன். இந்த வேரைக் காட்டுபவர்கள் உருது எழுத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். உருதுவில் குலி என்ற சொல்லைச் சாதாரண 'க' போட்டு எழுதுவதில்லை. அடித்தொண்டையிலிருந்து எழும் 'காஃப்' போட்டு எழுதுகிறார்கள். தமிழிலிருந்து நேரே போயிருந்தால் அந்த எழுத்துக்கு அங்கே வேலையில்லை. உகரமும் குறில். இதே சொல்லைப் பெயரிலேயே சுமந்தவர் ஒரு மன்னர்: 1591இல் சார்மினாரைக் கட்டிய கோல்கொண்டா சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா. அவர் பெயரில் குலி என்றால் ஊழியன் என்ற பணிவு. பின்னாளில் அவர் ஊர் ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டை போட்டு நின்றவரை அழைக்கவும் அதே ஒலிதான். பணிவாக வைத்துக்கொண்ட பெயருக்கும் பிறர் சூட்டிய பெயருக்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இந்த வழக்கில் தெலுங்கு தரும் சாட்சியம்தான் எனக்குப் பிடித்தது. தெலுங்கில் 'கூலி' என்று குறிலில் முடித்தால் ஊதியம். 'கூலீ' என்று நீட்டினால் வேலையாள். முதலாவது தமிழோடும் கன்னடத்தோடும் மலையாளத்தோடும் பகிர்ந்துகொண்ட திராவிடச் சொத்து. இரண்டாவது வடக்கிலிருந்து திரும்பி வந்தது. ஒரே மொழிக்குள் புறப்பட்ட சொல்லும் ஊர்சுற்றித் திரும்பிய சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. ஆகவே மூன்று வேரில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னைக் கேட்டால், கேள்வியே தவறு என்பேன். துறைமுகத்தில் மொழிகள் கலக்கும்போது யாரும் அகராதி பார்ப்பதில்லை. குஜராத்தில் இறங்கிய வெள்ளைக்காரர் சுமை தூக்குபவரைக் கோலி என்று பிறர் அழைக்கக் கேட்டார். சோழமண்டலக் கரையில் இறங்கியவர், சுமை இறக்கியவர் கைநீட்டிக் கூலி கேட்டதைக் கேட்டார். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை என்று வெள்ளைக்காரர்கள் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. கேட்டவர் பணத்தைச் சொன்னார். கொடுத்தவர் அதை அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டார்.

பயணமும் வேகமாகத்தான் நடந்தது. ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ப்ஃபெர் ஜப்பானைப் பற்றி எழுதிய நூல் 1727இல் ஆங்கிலத்தில் வந்தது. நாகசாகியில் டச்சுக் கப்பல்களிலிருந்து சரக்கிறக்கும் ஜப்பானியத் தொழிலாளர்களை அதில் அவர் கூலிகள் என்கிறார். இந்தியாவே தொடாத ஒரு துறைமுகத்தில், இந்தியர் அல்லாத ஆட்கள். அதற்குள் சொல் ஒரு தொழில்பெயராகிவிட்டது. ஆனால் அதுவரைக்கும் அது துறைமுகத்தின் பெயர்தான். சட்டத்தின் பெயராகவும், பிறகு ஓர் இனத்தின் பெயராகவும் அது மாறியதற்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது.

1834 ஆகஸ்டு 1ஆம் தேதி பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்றே மாதத்தில், நவம்பர் 2ஆம் தேதி, அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்களோடு மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய். 1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் கப்பல்கள் கயானாவுக்கு; 1845இல் ஃபத்தேல் ரசாக் டிரினிடாடுக்கு; 1853இல் ஒரேலி புதுச்சேரியிலிருந்து மார்ட்டினிக்குக்கு; 1860இல் ட்ரூரோ சென்னையிலிருந்து நேட்டாலுக்கு; 1879இல் லியோனிதாஸ் ஃபிஜிக்கு. மொரீஷியஸுக்கு மட்டும் 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்கள் படியேறிய துறைக்குக் கூலி காட் என்றே பெயர் இருந்தது. இன்று அது ஆப்பிரவாசி காட். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மொரீஷியஸ் தோட்டங்களில் இரட்டை வெட்டு என்றொரு வழக்கம் இருந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். காய்ச்சலில் பத்து நாள் படுத்தால், வேலை செய்த பத்து நாளும் போயிற்று. கூலி என்று பெயர் வைத்த ஆளிடமிருந்து கூலியைக் கழித்துக்கொண்டே போகும் கணக்கு. இலங்கை மலைநாட்டில் இந்தக் கணக்கு இன்னும் நேர்த்தியாக நடந்தது. அங்கே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். துண்டு என்பது நம் துண்டுச்சீட்டின் துண்டுதான்; அதே தமிழ்ச்சொல்லை ஆங்கில அலுவல் தாள்களிலும் எழுதினார்கள். இந்த ஆளும் இவன் கங்காணியும் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், எவ்வளவு கட்டினால் விடுவோம் என்பது அதில் இருக்கும். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார்; கடன் ஆளோடு கூடவே போகும். தமிழில் கூலி என்றால் ஒருவருக்கு வர வேண்டியது. துண்டில் எழுதியிருந்ததோ அவர் தர வேண்டியது. சொல்லைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வரிசை வீடுகளுக்கு வைத்த லைன் என்ற பெயர் மட்டும் லயமாகி இன்றும் மலையில் நிற்கிறது.

அந்தத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் இளம் வெள்ளைத் துரைகளுக்காகத் தமிழ்ப் பாடநூல்கள் அச்சாயின. ஒன்றின் தலைப்பு 'இங்கே வா'. டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் 1915இல் வெளியிட்ட இன்னொன்றின் தலைப்பு 'கூலித் தமிழ்'. தமிழில் எத்தனையோ வட்டார வழக்குகளுக்குப் பெயர் உண்டு. ஒரு மொழியைத் தொழிலாளியின் இழிபெயரால் அழைத்த நூல் இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டிருக்கிறது. துரைக்குத் தேவைப்பட்ட தமிழ் ஏவல் வினைகளால் ஆனது. பதில் பேசும் தமிழுக்கு அந்தப் பாடங்களில் இடம் குறைவு. அந்தப் பதிலைப் பிறகு புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யிலும், அந்த மண்ணிலேயே பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தம் எழுத்துகளிலும் பேசவேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில்தான் சொல் கடைசி எல்லையைத் தாண்டியது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் மட்டுமின்றி, பயணச்சீட்டு வாங்கிக் கடை வைக்க வந்தவரும் அங்கே கூலி. 1893இல் வந்திறங்கிய காந்தி கூலி பாரிஸ்டர். டிரான்ஸ்வாலின் 1885ஆம் ஆண்டு 3ஆம் எண் சட்டம், கூலிகள், அராபியர், மலாய்க்காரர், துருக்கிப் பேரரசின் முஸ்லிம் குடிகள் என்று வரிசைப்படுத்தி உரிமைகளைப் பறித்தது. முஸ்லிம் வணிகர்கள் தங்களை அராபியர் என்று சொல்லிக்கொண்டது இந்தப் பெயரிலிருந்து தப்பிக்கத்தான் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார். அதே பகுதியில் அவர் குறிப்பிடும் இன்னொரு வசைச்சொல்லும் நம்முடையது: சாமி. ராமசாமி, முத்துசாமி என்று வந்திறங்கிய தமிழர் பெயர்களின் வாலைப் பிடித்து, இந்தியர் எல்லோரையும் சாமி என்று வெள்ளையர் அழைத்தார்கள். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம் தெரியுமா என்று சிலர் திருப்பிக் கேட்டதுண்டாம். கூலி என்றால் என்ன அர்த்தம் என்று அப்படித் திருப்பிக் கேட்டிருக்கலாம். நீ எனக்குத் தரவேண்டியதைச் சொல்லியே என்னைக் கூப்பிடுகிறாய் என்று. டர்பனில் முகரம் திருவிழாவுக்குக் கூலி கிறிஸ்துமஸ் என்று பெயர் இருந்தது. குடியிருப்புக்குக் கூலி லொகேஷன். இன்றைக்கு அந்நாட்டில் இந்தச் சொல்லைப் பொதுவில் உச்சரிக்கவே யாரும் விரும்புவதில்லை.

சீனாவில் வேறொரு விந்தை நடந்தது. சீன எழுத்தில் அயல்சொல்லை எழுதும்போது ஒலிக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடவேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளும் உண்டு. கூலிக்குக் கிடைத்த இரண்டு எழுத்துகள் 'கு', 'லி'. முதலாவதற்குக் கசப்பு, துன்பம், இரண்டாவதற்கு வலிமை. கசப்பான வலிமை! இவ்வளவு பொருந்தியதால் இது சீனச் சொல்லே என்று நம்புகிறவர்கள் பலர். ஒலிபெயர்ப்பு இப்படிக் கவிதையாக அமைவது அபூர்வம், அதுவும் இவ்வளவு துயரத்துக்கு. 1847முதல் 1874வரை கியூபாவுக்குக் கொண்டுபோகப்பட்ட சீனர்கள் சுமார் 1,25,000 பேர். எட்டாண்டு ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ. 1874இல் சீன அரசு சென் லான்பின் தலைமையில் அனுப்பிய விசாரணைக் குழு அங்கே 1,176 வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. தெற்குச் சீனத்தில் இந்த ஏற்றுமதிக்குப் பன்றிக்குட்டி வியாபாரம் என்று பேச்சுவழக்கில் பெயர்.

அமெரிக்காவுக்கு வந்தபோது சொல் இன்னொரு வேலை பார்த்தது. 1862 பிப்ரவரியில் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், அமெரிக்கக் கப்பல்கள் கூலி வியாபாரத்தில் ஈடுபடக்கூடாது என்றது. அதே ஆண்டு கலிஃபோர்னியா போட்ட கூலி எதிர்ப்புச் சட்டமோ, சீனத் தொழிலாளர்மேல் மாதம் இரண்டரை டாலர் வரி விதித்தது. ஒன்று வியாபாரியைத் தடுத்தது, மற்றது விற்கப்பட்டவரைத் தண்டித்தது. இரண்டுக்கும் தலைப்பில் ஒரே சொல். கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே அந்த வரியைச் செல்லாதாக்கினாலும், 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தபோது வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

டச்சுக்காரர்கள் சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்காக 1880இல் போட்டது கூலி ஆணை; வேலையை விட்டு ஓடியவரைச் சிறையில் தள்ள அதில் இடம் இருந்தது. ஆனால் அதே மண்ணின் இந்தோனேசிய மொழி பிறகு சொல்லைக் கொஞ்சம் இலகுவாக்கிக்கொண்டது. பத்திரிகையாளருக்கு அங்கே செல்லப்பெயர் 'குலி திந்தா', மைக்கூலி. கல்லூரி வகுப்புக்கு 'குலியா' என்று பெயர். அது அரபுச் சொல், இதற்கு உறவில்லை. ஆனாலும் கடைசி அசை ஒன்று உதிர்ந்தால் படிப்பு கூலியாகிவிடுகிறது என்பதை அந்நாட்டு மாணவர் யாரும் கவனிக்காமல் இருக்கமாட்டார்.

கரீபியத்தில் சொல் மனிதரிலிருந்து பழத்துக்கும் தாவியது. ஜமைக்காவில் கூலி பிளம் என்று விற்கும் பழம் நம் இலந்தைப்பழம். வசவாகவே கேட்டு வளர்ந்த பேரக்குழந்தைகள் சிலர் அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கயானாக் கவிஞர் ராஜ்குமாரி சிங் 1973இல் 'நான் ஒரு கூலி' என்று தலைப்பிட்டு எழுதினார். மொரீஷியஸ் கவிஞர் கால் தோராபுலி கறுப்பு அடையாளத்தைப் பெருமையாக ஏற்ற நெக்ரித்யூட் இயக்கத்தைப் போலக் கூலித்யூட் என்ற சொல்லை உருவாக்கினார். காயத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவிலிருந்து தனியே கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியின் தடத்தைத் தேடி எழுதிய நூலுக்குக் 'கூலிப் பெண்' என்றே பெயர் வைத்தார் (2013). வசவை மாலையாகப் போட்டுக்கொள்ளும் இந்த முயற்சியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மாலை போட்டுக்கொள்பவர் விரும்பினாலும் தெருவில் அதை வசவாகச் சொல்பவர் நிறுத்துவதில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தைச் சொல்லும் உரிமை, அந்தப் பெயரால் அழைக்கப்படாத எனக்குக் கொஞ்சம்தான்.

நம் பக்கம் திரும்பினால், 2016 பிப்ரவரியில் ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு, நிலையங்களின் கூலிகள் இனிச் சகாயக் என்று அழைக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். சகாயக் என்றால் உதவியாளர். மாற்றப்பட்டது பெயர்; மாதச் சம்பளம் என்பது அதில் இல்லை, பயணியிடம் பேசி வாங்குவதுதான் இன்றும் வருமானம். தமிழ்நாட்டில் அவரைப் போர்ட்டர் என்போம். ஆனால் நாமும் இப்போது ஒட்டில்லாத கூலிக்குப் பழகிவிட்டோம். அமிதாப் பச்சன் நடித்த 'கூலி' 1983இல் வந்தபோது அது இந்திச் சொல். 2025இல் ரஜினிகாந்த் படத்துக்கு அதே தலைப்பு வைத்தபோது யாருக்கும் அது பணத்தைக் குறிப்பதாகத் தோன்றவில்லை. தெலுங்கைப் போல நீட்டிச் சொல்லும் வசதி நமக்கில்லை. உலகம் சுற்றிய சொல் ஊருக்குத் திரும்பி வந்து பழைய சொல்லின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது.

கேரளத்திலோ அது பிடிவாதமாகப் பணமாகவே இருக்கிறது, சற்று அதிகமாகவே. லாரியிலிருந்து சரக்கை நீங்களே இறக்கிக்கொண்டாலும், பார்த்துக்கொண்டு நின்ற சங்கத்தாருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது நோக்குகூலி. 2018 மே 1ஆம் தேதிமுதல் மாநில அரசு அதைத் தடைசெய்தது. மொரீஷியஸில் உழைப்பு இருந்தது, கூலி வெட்டப்பட்டது. இங்கே உழைப்பு போய்விட்டது, கூலி மிஞ்சியது.

ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் பால்பாயின்ட் பேனாவைக் 'கூலி' என்கிறார்கள். பேனாவின் நீண்ட பெயரான 'கூகல்ஷ்ரைபர்' என்பதன் சுருக்கம் என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சுருக்கத்துக்கு முன்பே, 1928இல் ஹாம்பர்க் நிறுவனம் ஒன்று ஒரு மைப்பேனாவை 'டின்டன்கூலி' என்று விற்கத் தொடங்கியது: மை சுமக்கும் கூலி. பின்னாளில் ராட்ரிங் என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. அந்நாட்டு ரயில் நிலையங்கள் சிலவற்றில் 'கோஃபர்கூலி'யும் உண்டு. கோஃபர் என்றால் பெட்டி. நம்மூர் நிலையத்தில் சிவப்புச் சட்டைக்காரர் நிற்கும் இடத்தில் அங்கே நிற்பது சக்கரம் வைத்த தள்ளுவண்டி. ஒரு நாணயத்தைப் போட்டால் சங்கிலி கழன்று வண்டி கைக்கு வரும். பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ரயிலில் ஏற்றிவிட்டு, வண்டியை மறுபடி வரிசையில் செருகினால் நாணயம் வெளியே வந்துவிடும். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.